பழைய டீமோடு பெண் பார்க்கப் போனேன்

பெண் பார்க்கப் போன வீட்டில், இரண்டு பேரும் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். மொரப்பூருக்குப் பக்கத்து ஊர். மாடி முழுக்கப் புளி காயப்போட்டிருந்ததால் உட்கார இடமில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டோம். கீழே என் தாய்மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு மாங்கூழ் கம்பெனியின் லேபில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். நான் பாப்பிரெட்டிப்பட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பதாகச் சொன்னேன். இரண்டுமே இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்தவைதான். அதனால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

"ஃப்ரீ டைம்ல என்னங்க பண்ணுவீங்க?" என்று அவளே கேட்டாள்.

இதற்குப் பதில் மாமா காரிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். புத்தகம் படிப்பேன், பாட்டு கேட்பேன். அதைச் சொல்லியிருக்கலாம். "காலேஜ்ல ஒரு கேம்ல சாம்பியனா இருந்தேங்க" என்றேன்.

"என்ன கேம்?"

சொன்னேன். போனில் ஆடுகிற விளையாட்டு என்பதோடு விடாமல் விளக்கவும் ஆரம்பித்தேன். ஒவ்வொருவரிடமும் ஆறு விலங்குகள் இருக்கும், ஒவ்வொன்றாகச் சண்டைக்கு இறக்க வேண்டும், எதிராளியின் ஆறும் மயங்கி விழுந்தால் நாம் ஜெயித்தோம் என்றேன். நெருப்பு விலங்கைத் தண்ணீர் விலங்கு அடிக்கும், புல் விலங்கை நெருப்பு விலங்கு அடிக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கீழேயிருந்து பார்த்த மாமா, நான் சொத்து விவரம் சொல்வதாக நினைத்தாராம்.

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நானும் ஆடறேங்க. நீங்க இப்ப சிங்கிள்ஸா, டபுள்ஸா?" என்றாள்.

இரண்டிரண்டு விலங்காக இறக்குகிற டபுள்ஸ் என்று ஒன்று வந்திருப்பதே எனக்கு அப்போது தெரியாது. "ரெண்டும்" என்றேன்.

உண்மை என்னவென்றால், சேலத்தில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் என்னை ஜெயிக்க ஆளில்லை. அந்தப் பெருமைக்கெல்லாம் காரணம் ஒரு பாறை ஆமை. அதை முதலில் இறக்கி, எதிராளியின் பக்கம் தரையில் விஷமுள் பரப்பிவிடுவேன். அப்புறம் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும், காயத்தை ஆற்றிக்கொள்ளும், மறுபடியும் தலையை இழுத்துக்கொள்ளும். எதிரில் இருப்பவன் முள் குத்தியே சாக வேண்டும். பாதிப் பேர் போர் அடித்து எழுந்து போய்விடுவார்கள். அதையெல்லாம் நான் வெற்றி என்று கணக்கு வைத்திருந்தேன். ஊருக்கு வந்து கடை போட்ட பிறகு அந்த விளையாட்டைத் திறக்கவே இல்லை. சாம்பியன் என்ற நினைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போனது. போன் நம்பர் மாற்றிக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் போடலாமா என்று அவள் மெசேஜ் அனுப்பினாள். 'பாத்து ஆடுங்க' என்று நான் பதில் போட்டேன். இன்றைக்கும் அந்த மெசேஜை எடுத்துக் காட்டிச் சிரிக்கிறாள்.

ஞாயிறு காலை முழுக்க விளையாட்டு அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. ஒருவழியாகத் திறந்தபோது, என் டீமின் பாதி வித்தைகள் இப்போது செல்லாது என்று ஒரு அறிவிப்பு வந்தது. படித்துப் பார்க்காமல் சரி என்று அமுக்கினேன். ஆமையை இறக்கினேன்.

அவள் உள்ளங்கையளவு விட்டில் பூச்சி ஒன்றை இறக்கினாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது முதல் வேலையாக என் ஆமையைச் சீண்டியது. சீண்டப்பட்ட விலங்கு திருப்பித் தாக்கலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. தலையை இழுக்க முடியாது, காயம் ஆற்ற முடியாது. என் ஆமைக்குத் தாக்கவே தெரியாது. அதற்கு நான் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே அடி பேருக்கு ஒரு அடி. கொஞ்ச நேரத்தில் ஆறும் விழுந்துவிட்டன.

'ஆமை பாவம்ங்க' என்று மெசேஜ் வந்தது.

நெட்வொர்க் சரியில்லை என்று பதில் அனுப்பினேன். சண்டை எங்கேயும் திக்கி நிற்கவில்லை, அவள் அடித்த அடியெல்லாம் தெளிவாகவே வந்து சேர்ந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

டீமை மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் புது விலங்குகள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தன. பழையவற்றின் பலத்தைக் குறைத்திருந்தார்கள். யூடியூபில் விளக்கம் சொன்னவர்கள் பேசியது தமிழாக இருந்தும் எனக்குப் புரியவில்லை. கடைசியில், எங்கேயோ பெரிய போட்டியில் ஜெயித்த ஒருவருடைய டீமை நெட்டில் பார்த்து அப்படியே காப்பி அடித்தேன். ஆறும் புதுசு. எது என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது ஆட்டம் தொடங்கி என் முதல் விலங்கு தலைகாட்டியதுமே அவள் போன் செய்தாள். "இது நெட்ல சுத்தற டீம்தானுங்க? இதை எப்படி அடிக்கறதுன்னும் அங்கயே போட்டிருக்காங்க, படிக்கலையா?"

படிக்கவில்லை. முதல் முறையைவிடச் சீக்கிரமாகத் தோற்றேன்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் நின்று, பெங்களூரில் இருக்கும் ஹாஸ்டல் நண்பனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "மறுபடியும் அடிச்சுட்டாடா. எந்திரிக்கவே விடல. திருப்பி அடிக்கலாம்னா எனக்கு அடிக்கவே வரல" என்றேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவை நான் கவனிக்கவில்லை.

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மாமாவிடம் போனார். கல்யாணத்துக்கு முன்னாடியே கை நீட்டுகிற பெண் நமக்கு வேண்டாம் என்று அழுதிருக்கிறார். எப்போது, எங்கே வைத்து அடித்தாள் என்று மாமாவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் அடி வாங்கக்கூடியவன் என்றே அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி மொரப்பூருக்குப் போய்விட்டார்.

அங்கே அவளுடைய அப்பா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாராம். மாமா உட்காரக்கூட இல்லை. "உங்க பொண்ணு எங்க பையனை ரெண்டு வாட்டி அடிச்சிருக்குதுங்க. என்னன்னு விசாரிங்க" என்றிருக்கிறார். அவர் மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "ஆமாப்பா, ரெண்டு வாட்டியும் ஈசியா அடிச்சிட்டேன்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். விஷயம் விளங்கி முடிய வெகுநேரம் ஆகியிருக்கிறது. போனைக் காட்டி அவள் எல்லாவற்றையும் சொன்னபிறகு அவளுடைய அப்பா, "அப்ப அது என்ன சண்டைன்னு நாங்களும் பாக்கணும். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வரும்போது நம்ம வூட்லயே ஆடட்டும்" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் போன் செய்தாள். "எங்கப்பா முன்னாடி நான் விட்டுக்குடுக்க மாட்டேங்க. ஒழுங்கா ஒரு டீம் கட்டினு வாங்க."

"ஆமைய எடுத்துடட்டுமா?"

"உங்களுக்குப் பிடிச்சா வெச்சுக்கோங்க. ஆனா அதை ஏன் எப்பவும் முதல்ல இறக்கறீங்க?"

யோசித்துப் பார்த்தேன். பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதையே சொன்னேன்.

அதன்பிறகுதான் உண்மையிலேயே டீம் கட்ட உட்கார்ந்தேன். தோற்ற ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆமையையும் ஒரு மின்னல் கீரியையும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அனுப்பிவிட்டேன். புதியவற்றை முட்டையிலிருந்து பொரிக்க வேண்டும். அதற்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், நடையைப் போன் எண்ணிக்கொள்ளும். கடையில் குழாய்ச் சுருள்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடந்தேன். ஃபில்டர் வாங்க வந்த ஒரு பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சுகருங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"எனக்கும் நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு" என்று அவரும் கூடவே நடந்தார். தான் இனிப்பை விட்ட கதையை ஒவ்வொரு சுற்றிலும் சொன்னார். அந்த முட்டை பொரிந்தபோது அவருக்குக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

நாள் குறிக்கப் போன அன்று, இரண்டு குடும்பமும் எங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அவள் தன் போனை டிவியோடு இணைத்துவிட்டாள். எல்லோரும் பார்க்கும்படி நான் தோற்பதற்கு ஏற்பாடு பலமாக இருந்தது.

இந்த முறை ஆமையை இறக்கவில்லை. புதிதாகப் பொரித்த மலைக்கழுகை முதலில் இறக்கினேன். அவளுடைய விட்டில் ஒரே அடியில் விழுந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் அம்மா, "அது நம்ம பையனோடதா?" என்று மாமாவைக் கேட்டார். அதன்பிறகு சரிக்குச் சரியாகவே போனது. காபி ஆறிப்போனது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அவளிடம் அரை உயிரில் ஒரு பனிக்கரடி. என்னிடம் ஆமை.

இப்போது ஆமைக்கு நல்ல அடி ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த ஒரு அடி போதும், கரடி விழுந்துவிடும். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் விரல் தானாகப் போய்ப் பழைய பொத்தானை அமுக்கியது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அந்த இடைவெளியில் கரடி தன் பலத்தைக் கூட்டிக்கொண்டது. அடுத்த அடியில் ஓட்டோடு சேர்த்து எல்லாம் முடிந்தது.

அவளுடைய அப்பாதான் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, உள்ள போகாம ஒரு அடி குடுத்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க இல்லைங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் ஏன் உள்ள போச்சு?"

மாமாதான் காப்பாற்றினார். "பையன் வம்பு தும்புக்குப் போற ஆளே இல்லைங்க. அதை நீங்க கண்ணாலயே பாத்துட்டீங்க" என்றார். அதைப் பெரிய தகுதியாக எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நாள் குறித்தார்கள்.

கல்யாணம் முடிந்து அவள் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்துவிட்டாள். இங்கிருந்தே வேலைக்குப் போய் வருகிறாள். நான் டீமை அவ்வப்போது மாற்றுகிறேன், ஒழுங்காகத் தோற்கிறேன். போன மாதம் புது அப்டேட் ஒன்று வந்தது. இந்த முறை பலத்தைக் குறைத்தது அவளுடைய விலங்குகளுக்கு. காலையில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழசாப் போறதுல எனக்கு அனுபவம் இருக்கு. ஏதாவது சொல்லட்டுமா?" என்றேன்.

"சும்மா இருங்க" என்றாள்.

அந்த நிலைமையில் அவளை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன் செய்கிற காரியமில்லை. ஆனால் ஜெயித்துவிட்டேன், முதல் தடவையாக. உடனே ஹாஸ்டல் குரூப்பில் படம் எடுத்துப் போட்டேன். 'அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?' என்று பெங்களூர் நண்பன் கேட்டிருந்தான்.

அவள் இப்போது புது டீம் கட்டி முடித்துவிட்டாள். எப்போது ஆடலாம் என்று தினமும் கேட்கிறாள். சீசன் நேரம், கடையில் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.