ஜெட்டி முனையில் நின்றவர்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் அப்படி எழுந்து போகத்தான் பார்ப்பீர்கள். கோலாலம்பூரில் தாதியாக வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவள் நான். எத்தனையோ பேருக்கு என் கையாலேயே கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். கூட வேலை பார்த்த பெண்கள் அந்தக் கட்டிலில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், இந்தக் கதவு தானாகத் திறந்தது என்று கதை சொல்வார்கள். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கடி என்பேன். செத்தவர்கள் செத்தவர்கள்தான், அதற்குமேல் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பெயர் சேவியர். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபிஸில் வேலை. கப்பல் வந்து நின்றால் ஜெட்டியில், அதான் படகுத்துறையில், சின்னப் படகில் ஏறிப் போய்க் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம், அவர் காலையில் பஸ் பிடித்துப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆபிஸில் எல்லாரையும் லங்காவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், வரும்போது ஒரு கேமராவோடு வந்தார். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன கேமராதான், ஆனால் ஜூம் உள்ளது. பொத்தானை அமுக்கினால் ஆமை தலையை நீட்டுகிற மாதிரி லென்ஸ் மெதுவாக வெளியே வரும். டிஜிட்டல் எல்லாம் அப்போது ஏது, பிலிம் போட்டு எடுக்கிறதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர், நான், மகள் ஷீலா, கேமரா என்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பி கல்யாணத்தில் சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே மணப்பெண்ணின் கண்ணில் நின்ற தண்ணீரை எடுத்தார், பக்கத்தில் போய் நின்று எடுத்த மாதிரி இருந்தது. படகில் இருந்துகொண்டு கப்பலின் மேல்தட்டில் காற்று வாங்குகிற ஆளின் தாடியை எடுத்திருக்கிறார். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும், சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார்.

ஆனால் அந்தக் கேமராவிடம் குறையும் நிறைய இருந்தது, அதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். முழுசாக ஜூம் இழுத்துவிட்டு, வெளிச்சமும் கொஞ்சம் குறைந்துவிட்டால், எல்லா முகமும் கஞ்சியில் கரைத்த மாதிரி வரும். பிளாஷ் முன்வரிசையைத் தாண்டாது. நாம் பார்க்கிற ஜன்னல் ஒன்று, படம் எடுக்கிற லென்ஸ் வேறு ஒன்று என்பதால் கிட்டத்தில் எடுத்தால் தலை வெட்டுப்பட்டுப் போகும். எல்லாவற்றையும்விட, பொத்தானை அமுக்கியதும் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும், அதற்குள் பிள்ளையின் சிரிப்பு போய்விடும். நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, “கேமரா மேல குத்தம் சொல்லாத பிலோ, கைய ஆட்டாம புடி லா,” என்பார். பிலோமினா என்ற என் பெயரை அவர் முழுசாகச் சொன்னதே கிடையாது.

ஒருநாள் மத்தியானம் ஜெட்டி முனையில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். கூட வேலை பார்த்த ராஜு ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் வார்டில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், போன் வந்தது. ராஜு அவருடைய கைக்கடிகாரத்தையும் பர்ஸையும் கேமராவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்து அழ முடிந்தது. கேமராவைத் தொடவே முடியவில்லை, அப்படியே அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பத்திரிகையில் போட ஒரு படம் தேடினோம் பாருங்கள், அப்போதுதான் தெரிந்தது. ஆல்பம் ஆல்பமாகப் படம் இருக்கிறது, எதிலுமே அவர் இல்லை. எடுக்கிறவர் அவர்தானே, அவர் எப்படி இருப்பார். ஒரு படத்தில் புல்தரையில் அவருடைய நிழல் மட்டும் விழுந்திருந்தது. வேறொன்றில் ஓரத்தில் அவர் விரல். கல்யாணப் படங்கள் இருந்தன, ஆனால் அதில் இருந்தவர் ஒல்லியாய், காதுவரை கிருதா வைத்துக்கொண்டு, வேறு யாரோ மாதிரி இருந்தார். கடைசியில் ஐ.சி.க்கு, அடையாள அட்டைக்கு, எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டோம், வாத்தியாரிடம் திட்டு வாங்குகிற பையன் மாதிரி அதில் நிற்பார்.

ஷீலாவுக்கு அப்போது நான்கு வயது. முதலில் அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்பது குறைந்தது. மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, கண்ணாடி போட்ட, கொஞ்சம் வழுக்கை விழுந்த யாரோ ஒருவரைக் காட்டி, “அம்மா, அது அப்பாவா?” என்று கேட்டாள். ஆசையாகவோ அழுதுகொண்டோ கேட்கவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். வீட்டுக்கு வந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன். இந்த அங்கிள் யாரு என்றாள். பிள்ளைக்கு அவர் முகம் மறந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. புருஷன் செத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே கேமராவை வெளியே எடுத்தேன். உள்ளே அவர் போட்ட பிலிம் பாதிக்குமேல் ஓடியிருந்தது. கப்பலில் யாரிடமாவது கொடுத்து ஒரே ஒரு படமாவது தன்னை எடுக்கச் சொல்லியிருக்க மாட்டாரா என்று ஒரு நப்பாசை. எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த குமாரிடம் கொண்டுபோனேன். இன்னும் சில படம் மிச்சம் இருக்குக்கா, எடுத்து முடிச்சுட்டுக் கொண்டு வாங்க, கடைசிப் படம் எடுத்ததும் அதுவே சுத்திக்கும் என்றார். எதை எடுப்பது? அவர் கடைசியாக நின்ற இடத்தையே எடுப்போம் என்று தோன்றியது. நான் அதுவரை அங்கே போனதே இல்லை.

அடுத்த ஞாயிறு ஷீலாவைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். ராஜு அங்கே காத்திருந்தார். ஜெட்டி முனைக்கு அழைத்துப் போய், “இங்கதான் அக்கா. கப்பலப் பாத்துக்கிட்டே நின்னாரு,” என்றார். அந்த இடத்தை எடுத்தேன், ராஜுவை எடுத்தேன், பெயர்ப்பலகையை எடுத்தேன். இன்னும் ஒரு படம் மிச்சம் இருந்தது. ஷீலா படகைப் பார்த்துவிட்டு ஏறணும் என்று அடம்பிடித்தாள், சரி, அவள் அப்பா தினம் போன தண்ணீர்தானே என்று மூவரும் கெத்தாம் தீவுக்குப் போகிற படகில் ஏறினோம். ராஜு உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்தார். நானும் பிள்ளையும் பின்பக்கம் திறந்த இடத்தில் நின்றோம், அவளைப் பலகையின்மேல் ஏற்றி என்மேல் சாய்த்துக்கொண்டேன். மழை வரப்போகிற மத்தியானம், வானம் சாம்பல் நிறமாக இருந்தது.

படகு கிளம்பித் திரும்பியது. ஜெட்டி சின்னதாகிக்கொண்டே போனது. கடைசிப் படத்தை இங்கிருந்து எடுக்கலாம் என்று கேமராவைக் கண்ணில் வைத்து முழுசாக ஜூம் இழுத்தேன்.

முனையில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். இளநீலச் சட்டை, கண்ணாடி, கொஞ்சம் முன்னால் தள்ளிய தொப்பை. ஒரு கையை எங்களைப் பார்த்து உயர்த்தியிருந்தார். நான் கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். முனையில் யாருமே இல்லை, ஒரு கயிற்றுச் சுருள் மட்டும் கிடந்தது. மறுபடி கண்ணில் வைத்தேன். நின்றார். மறுபடி இறக்கினேன். இல்லை. அழுதுகொண்டிருந்திருப்பாய், கண்ணீரில் எதையோ பார்த்திருப்பாய் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதனால்தான் பிள்ளையிடம் ஒன்றுமே சொல்லாமல் கேமராவை அவள் கண்ணில் வைத்து, பார் என்று மட்டும் சொன்னேன். முகம்கூட மறந்துபோன பிள்ளை அது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “அப்பா,” என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். “அம்மா, அப்பா கை காட்டுறாரு.” கேமராவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு வெறும் ஜெட்டியைப் பார்த்துக் கையை ஆட்ட ஆரம்பித்தாள்.

என்ன செய்வது? பார்த்துக்கொண்டே இருக்கலாமா, எடுத்துவிடலாமா? எடுத்தால் படம் முடிந்து பிலிம் சுற்றிக்கொள்ளும். ஆனால் பிள்ளைக்கு ஒரு படம் வேண்டுமே. கேமராவைக் கண்ணில் வைத்தேன், இருந்தார், பொத்தானை அமுக்கினேன். வழக்கம்போல் அது கொஞ்சம் யோசித்தது. பிறகு எடுத்தது, உடனே உள்ளே பிலிம் சுற்றுகிற சத்தம் கேட்டது, லென்ஸ் தானாக உள்ளே போனது. மறுபடி பார்த்தபோது ஜன்னலில் கயிற்றுச் சுருள்தான் தெரிந்தது. படகுத் தட்டின் நடுக்கம், என் கை நடுக்கம், வெளிச்சமும் இல்லை, இந்தக் கேமராவில் இது கஞ்சியாகத்தான் வரும் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்தது. மங்கலாகவாவது ஒரு நீலச் சட்டை விழுந்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். தீவில் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் திரும்பி வந்தபோது ஜெட்டி முனை நனைந்து காலியாகக் கிடந்தது. ராஜுவிடம் நான் எதையும் சொல்லவில்லை.

படம் வாங்கப் போன அன்று குமார் உறையைக் கொடுத்துவிட்டு, “கடைசிப் படம் நல்லா வந்திருக்குக்கா. யாரு எடுத்தா?” என்று கேட்டார்.

பிரித்தேன். கப்பல்கள், ஷீலாவின் பிறந்தநாள், நான் சமையலறையில் திரும்பிப் பார்க்கிறது, எதிலும் அவர் இல்லை. பிறகு நான் எடுத்த ஜெட்டி, ராஜு, பெயர்ப்பலகை. கடைசிப் படத்தில் ஜெட்டியே இல்லை. அதில் நாங்கள் இருந்தோம். படகின் பின்பக்கம், கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு நான், என்மேல் சாய்ந்து கையை ஆட்டிக்கொண்டு ஷீலா, எங்களுக்குப் பின்னால் வாயைத் திறந்து தூங்குகிற ஒரு சீனக் கிழவர். ஜெட்டியிலிருந்து முழுசாக ஜூம் இழுத்து எடுத்த மாதிரி இருந்தது. ஒரு ஆட்டம் இல்லை, ஒரு மங்கல் இல்லை. அன்று காலை ஷீலாவின் கவுனில் பட்டன் அறுந்துபோய் நான் ஊக்கு குத்தியிருந்தேன், அந்த ஊக்குகூடத் தெரிந்தது.

குமார் நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ஒரே சுருள்தான், நான் எடுத்த பெயர்ப்பலகைக்கு அடுத்தது இதுதான். வேறு கேமராவில் எடுத்து ஒட்ட முடியாது. “இந்தக் கேமராவுல இந்த வெளிச்சத்துக்கு இப்படி வராதேக்கா,” என்றார். கடை வாசலில் நின்று அழுதேன். அதிலும் அவர் இல்லையே என்றுதான் அழுதேன், வேறொன்றும் அப்போது தோன்றவில்லை.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்களிடம் யாரோ தெரிந்தவர் எடுத்தார் என்று சொல்லிவிடுவேன், அது பொய்யும் இல்லை. பயம் எதுவும் வந்ததில்லை. அவர் எங்களைப் பார்த்து டாட்டா காட்டினார், பிள்ளையும் காட்டினாள், ஒழுங்காக விடைபெற்றுக்கொள்ளாமல் போனவர் வந்து விடைபெற்றுக்கொண்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

ஷீலா இப்போது கல்யாணமாகிக் காஜாங்கில் இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா டாட்டா காட்டினது உனக்கு ஞாபகம் இருக்கா என்று சும்மா கேட்டேன். திரும்பிப் பார்த்தாள்.

“டாட்டா இல்லம்மா. இப்படிப் பண்ணாரு,” என்று உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை உள்பக்கமாக மடக்கி மடக்கிக் காட்டினாள். நம் பக்கத்தில் ஆளைக் கூப்பிடுவோமே, வா, வா என்று, அப்படி. “அவரு பண்ணதையே நானும் பண்ணேன். பாருங்க, படத்துல இருக்கு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தினம் பார்க்கிற படம். பிள்ளையின் கை கவிழ்ந்துதான் இருக்கிறது, விரல் நான்கும் உள்ளே மடங்கித்தான் இருக்கிறது. கரைக்குத் திரும்பி வரச் சொன்னாரா, தன்னிடம் வரச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அவள் திருப்பிக் கூப்பிட்டாளே, அதற்கு அவர் என்ன செய்தார் என்பதும் தெரியவில்லை.