ஏரிக்கரையில் வண்டிகளை எடுக்கச் சொன்னவர்

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்த செய்தி அவர் வீட்டாரிடமிருந்து எனக்கு வரவில்லை. அமீரகத்தின் அல் ஐன் நகரில் பறவை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் பாஸ்கரன் போட்டிருந்தார். ஓய்வுபெற்று நாகர்கோவிலுக்குத் திரும்பியிருந்த சிஸ்டர், தூக்கத்திலேயே போய்விட்டாராம். இரங்கல் வாசகத்துக்கு மேல் ஓர் ஆள்காட்டிக் குருவியின் படம்: ஏரி விளிம்பில் நின்றுகொண்டு, வயிற்று இறகிலிருந்து நீர் சொட்ட, அலகைத் திறந்து மூச்சு வாங்குகிறது. அந்தப் படம் எடுத்த அன்றுதான் சிஸ்டரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

அவர் இங்கே மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்தவர். லைசென்ஸ் கிடையாது, எப்போதும் என் வண்டியின் பின்சீட்டில் வருவார். என் ஓட்டுதலும் அவருக்குப் பிடிக்காது, பேச்சும் பிடிக்காது. "ஒன் வாயில நல்ல வார்த்த வந்தா இந்தப் பாலைவனத்துல மழ பெய்யும் டே" என்பார். கோடையில் யார் கேமராவைத் தூக்கினாலும் உப்புப் போட்ட மோரை நீட்டிவிடுவார். "படம் பொறவு எடுக்கலாம், முதல்ல இதக் குடி."

அது ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. ஊருக்கு வெளியே, சுத்திகரித்த கழிவுநீர் தேங்கி உண்டான ஏரி. காலையிலேயே அனல். வண்டியைப் பார்த்துப் பறவைகள் மிரளாது, ஆளைப் பார்த்தால் பறந்துவிடும் என்பதால், யாரும் கீழே இறங்கக் கூடாது என்பது எங்கள் விதி. கரைப்பாதையில் எங்கள் மூன்று வண்டிகளும் இடைவெளியில்லாமல் வரிசையாக நின்றன. ஏசியை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கி, லென்ஸை நீட்டியிருந்தோம். தண்ணீரில் ஓர் ஆள்காட்டி வயிற்றை நனைத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வரும், நின்று பார்த்துவிட்டுத் திரும்பும், மறுபடி நனைக்கும். என்ன அழகு என்று, எல்லோரும் சேர்ந்திருந்த ஃபோன் அழைப்பில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சிஸ்டர் தண்ணீர்ப் பக்கம் பார்க்கவில்லை. பாதையின் மறுபக்கம் சரளைத் தரையில், வெட்டவெளியில் கிடந்த முட்டைகள் மீது அதன் இணை சிறகை விரித்து நிழல் கொடுத்து நின்றது. அதே அழைப்பில் பாஸ்கரனைக் கூப்பிட்டார்.

"வண்டிய எடு மக்கா. அங்க ஒண்ணு டியூட்டி முடிஞ்சு நிக்கு. மாத்த வாற ஆளு தண்ணியில நிக்கு. நடுவுல நாம ஏசியில இருக்கோம்."

"ரெண்டே நிமிஷம் சிஸ்டர். லைட் அருமையா இருக்கு."

"லைட்டு இருக்கும் டே. முட்ட வெந்து போவும்."

"சிஸ்டர், இது உங்க வார்டு இல்ல" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நேராகப் போய் பாஸ்கரனின் லென்ஸுக்கு முன்னால் நின்றார். பறவை கத்திக்கொண்டு எழும்பியது. "நீங்கதான் விரட்டிட்டீங்க!" என்று கூச்சல். திட்டிக்கொண்டேதான் வண்டிகளை எடுத்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தோம். வெகுநேரம் கழித்துப் பறவை திரும்பி வந்தது. வயிற்றை நனைத்துக்கொண்டு பாதையைக் கடந்து போய், சூடேறிய முட்டைகளைக் குளிர்விக்க அவற்றின் மேல் உட்கார்ந்தது. இணை அப்போதுதான் தண்ணீருக்கு ஓடியது.

அன்று மாலையே அவரை நீக்கினார்கள். காரணம், விதியை மீறியது. வழி கிடைக்காமல் தவித்த அந்தப் பறவையின் படம் குழுவின் மறுவருடக் காலண்டரில் அட்டையாக வந்தது.

அடுத்த வாரம், போய்ப் பார்க்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். முட்டைகள் பொரிந்தனவா என்று தெரிய வேண்டாமா? "போனா நமக்குத் தெரியும். அந்தப் பறவைக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். அன்று நாள் முழுக்க அவர் முகம் சரியில்லை. கேட்காமலே ஒருமுறை சொன்னார்: "லேட்டாயிட்டோ என்னவோ, டே."

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சிஸ்டர், பாஸ்கரன் வீட்டுக்குக் கேக் கொண்டுபோனார். அறிந்து கொதித்துப் போனேன். "அவன் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் போவாண்டாமா?" என்றார். போயிருக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். அவரைப் போல மன்னிக்க எனக்கு வரவில்லை. வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை அவர் நினைவாக அதே ஏரிக்குப் போகிறார்களாம். இப்போதும் ஜூன்தான், முட்டைகள் வெயிலில் கிடக்கும் காலம். அவரை அறிந்தவர்களே, போகாதீர்கள். குளிர்காலத்தில் போங்கள். நான் வீட்டில் இருப்பேன். அந்த முட்டைகள் என்னவாயின என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதைத் தாங்கிக்கொள்வது சுலபமாக இல்லை.