ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு வீடு

வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனார். வீட்டின் யோக்கியதை எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். நான் எங்கே அதைக் கவனித்தேன்? பின்பக்கக் கதவைத் திறந்ததும் பழவேற்காடு ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடந்தது. "காலைல காபி டம்ளரோட இங்க வந்து நின்னா போதும் சார்" என்றார். அந்த ஒரு டம்ளர் காபியில் விழுந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஆட்கள் ரிட்டையர் ஆனதும் செய்கிற கூத்தெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருத்தர் ஆட்டுப்பண்ணை வைத்து, ஆடுகளுக்கு வைத்தியம் பார்த்தே ஓய்ந்துபோனார். இன்னொருத்தர் ஜோசியம் கற்றுக்கொண்டு, டீக்கடையில் நிற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார். அவர்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன், கடைசியில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டேன்.

பிரிவு உபசார விழாவில் மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்தேன். ஏரியோரம் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறேன், அதைச் சரி செய்து என் மனைவியை அவள் பிறந்த மண்ணுக்கே கூட்டிப் போகப் போகிறேன் என்று அறிவித்தேன். அவள் அதே ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். வீடு வாங்கிய விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கையில் போண்டாத் தட்டு இருந்தது, அதனால்தான் தட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வரமாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. பழைய வீடுன்னா கூரை ஒழுகுமே என்றாள். கக்கூஸ் வெளியில்தானே இருக்கும் என்றாள். ஆடியில் பெரியபாளையத்துக்கு வேண்டுதல் இருக்கிறது, முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றாள். நான் ஒவ்வொன்றையும் ஆலையில் பழுது எழுதிய ஜாப் கார்டை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டேன். பழுது என்று யாராவது சொன்னால் சரி செய்வேன். பெண்டாட்டி மேல் இருக்கிற பிரியத்தைக் காட்ட எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை. எல்லா வேலையும் முடிந்தால் அவள் வந்துதானே ஆக வேண்டும் என்று, மாதக்கணக்கில் அங்கேயே பாயை விரித்துப் படுத்துக் கிடந்தேன்.

ஓட்டுக் கூரையைத் தாங்கியவை பழைய பனஞ்சட்டங்கள். கரிக்கட்டை மாதிரி கறுத்துப் போயிருந்தன. அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்தேன். துருப் பிடிக்காமலிருக்க மேலே ரெட் ஆக்சைடு பெயின்ட், அதற்கும் மேலே தகரம். பக்கத்து வீட்டு மீனவர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உப்புக் காத்து சார். இரும்பு நிக்காது."

எனக்கே இரும்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறார் என்று சிரித்தேன். வேண்டுமானால் அந்தப் பனஞ்சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், ஏதோ தர்மம் பண்ணுகிற தோரணையில். மனிதர் மறுபேச்சில்லாமல் தூக்கிப் போய், வலை வைக்கிற கொட்டகைக்குக் கூரை போட்டுக்கொண்டார். அந்தக் குப்பத்தில் ஒரு வீட்டுக்கும் ஏரிப் பக்கம் ஜன்னல் கிடையாது. ரசனை கெட்ட ஜனங்கள் என்று முணுமுணுத்தபடி, நான் மட்டும் சுவரை உடைத்து ஆளுயரத்துக்கு ஒரு ஜன்னல் வைத்தேன்.

ஐப்பசியில் மழையும் வாடைக்காற்றும் அந்த ஜன்னல் வழியாக நேரே வந்து என் பாயில் படுத்துக்கொண்டன. தை பிறப்பதற்குள் ரெட் ஆக்சைடு பொரிந்து உதிர்ந்தது. தகரம் ஆணி அடித்த இடத்தில் எல்லாம் ஒழுகியது. வலைக் கொட்டகையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. முப்பது வருட அனுபவத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வாளியோடு அலைந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அவள் வந்தாள். சாக்குகள் தீர்ந்துபோயிருக்க வேண்டும். உள்ளே நுழைந்தவள், ஜன்னல் ஓரத்து ஆங்கிளை நகத்தால் சுரண்டினாள். துரு செதில் செதிலாக வந்தது. பனஞ்சட்டம் இருந்திருக்குமே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் போடுகிறேன், வேறு என்ன பழுது என்று மட்டும் சொல் என்றேன்.

அவள் ஏரியைப் பார்த்தபடியே பேசினாள்.

"பழுது ஒண்ணும் இல்லய்யா. சின்னப் புள்ளைல எறா உரிச்சிட்டுத்தான் இஸ்கூலுக்குப் போவேன். எவ்ளோ சோப்பு போட்டாலும் கை நாறும். என் பக்கத்துல ஒருத்தியும் ஒக்காரமாட்டா. இந்த நாத்தத்த உட்டு வெளிய போவத்தான் உன்ன கட்டிக்கினேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நான் எங்கே கேட்டேன்? பெண் பார்க்கப் போன அன்றே என்னை நிமிர்ந்து பார்த்துச் சரி என்றாள் என்பதை எத்தனை கல்யாணப் பந்திகளில் சொல்லிப் பீற்றியிருக்கிறேன். அன்று அவள் பார்த்தது என் ஆலை வேலையை, அந்த ஆலை இருக்கிற ஊரை. மூக்கும் முழியுமாக எதிரே உட்கார்ந்திருந்த என்னை அல்ல. அவமானமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருடம் கூட இருந்தும் அவளைத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வலித்தது.

வீட்டைப் பூட்டினேன். ஷேர் ஆட்டோ பிடித்து ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு வந்தோம். ரயிலில் கூட்டமே இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டேன். அவள் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுந்து எதிர் சீட்டுக்குப் போய்விட்டாள். மாதக்கணக்கில் அந்த ஏரியோரமே கிடந்த என் சட்டையை மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.