சாட்சியின் விலாசம்

மிஸஸ் டோம்டர் மேல் கோர்டி கெல்னருக்கு எட்டு வருடக் கோபம். ஊர் வாரப் பத்திரிகையில் அந்தம்மா எழுதிய ஒரு கடிதம்தான் காரணம். "என் பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு பையன் வருவான். குளிரில் நடுங்கும் சின்னப் பிள்ளை ஏறினால் ஹீட்டர் பக்கத்து இடத்தை விட்டு எழுந்துகொள்வான். இன்றைக்கு அவன் வீட்டு முற்றத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவனையெல்லாம் விரட்டு என்று கத்துகிற அதிபர் வேட்பாளரின் பெயர்ப் பலகை நிற்கிறது."

பெயர் போடவில்லை. தொள்ளாயிரம் பேர் இருக்கிற விஸ்கான்சின் கிராமத்தில் பெயர் எதற்கு? மறுநாள் மதுக்கடைக்குள் கோர்டி நுழைந்ததும் ரஸ் என்கிற குண்டன் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க சார், ஹீட்டர் பக்கத்துல உக்காருங்க" என்றான். கடையே சிரித்தது. பால் லாரி ஓட்டிப் பிழைக்கிறவன், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பத்திரிகைக்குப் பதில் எழுதவா முடியும்? பலகையை இன்னும் பெரிதாக வாங்கி வைத்தான். அதுதான் அவனுக்குத் தெரிந்த பதில்.

அந்தம்மாவோ நிறுத்துகிற ஆள் இல்லை. முப்பத்தொரு வருடம் மஞ்சள் பஸ் ஓட்டியவர். பனிப்புயலில் சாலை எது வயல் எது என்று தெரியாத நாளிலும் அறுபத்திரண்டு பிள்ளைகளையும் எண்ணி எண்ணி வீடு சேர்த்தவர். அவர் பஸ்ஸில் போனவர்கள் பேரன் எடுத்த பிறகும் அவரை ஆர்லிஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், மிஸஸ் டோம்டர்தான். ஓய்வு பெற்ற பிறகு புதன்கிழமைதோறும் ஒரு கடிதம். இருநூறு வார்த்தைக்கு மேல் பத்திரிகை போடாது, அவரும் ஒரு வார்த்தை கூட்ட மாட்டார். பிரசவ ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அதிபர் பணக்காரனுக்கு வரியைக் குறைக்கிறார் என்று எழுதுவார். "பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டி அவன்தான் திருடன் என்கிறார். நாம் அவனை முறைத்துக்கொண்டிருக்கும்போது நம் பாக்கெட்டில் யார் கை இருக்கிறது, குனிந்து பாருங்கள்" என்று ஒரு முறை எழுதினார். ஊரில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே முதலில் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

போன தேர்தலுக்கு முன் அக்டோபரில் அவரிடமிருந்து கோர்டிக்கு போன் வந்தது. இடுப்பு வலியால் வாக்குச்சாவடியில் நிற்க முடியாது, தபால் ஓட்டு வாங்கியிருக்கிறார். சாட்சி ஒருவர் எதிரில் உட்கார்ந்து, கவர் மேல் கையெழுத்துப் போட்டு தன் விலாசத்தையும் எழுத வேண்டும்.

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றான்.

"கிட்டத்துல நீதான் இருக்க. உன்னைப் போல எதிராளி கையெழுத்துப் போட்டா எவனும் கள்ள ஓட்டுன்னு சொல்ல மாட்டான். வா, பூசணி கேக் இருக்கு."

போனான். ஓட்ஸ் டப்பாவைக் குறுக்கே நிறுத்தி மறைத்துக்கொண்டு அந்தம்மா குறி போட்டார். "எட்டிப் பாக்காதடா. பாத்தா உன் கண்ணு தெளிஞ்சிடப் போகுது."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க கடுதாசி எழுதற கைதான் ஓயமாட்டேங்குது."

கவரை அவன் பக்கம் தள்ளிவிட்டு அந்தம்மா காபி ஊற்ற எழுந்தார். அவன் கையெழுத்துப் போட்டான். கீழே விலாசத்துக்கு ஒரு வரி. அது காலியாக இருந்தால் ஓட்டு செல்லாது என்று முந்தின வாரம்தான் மதுக்கடையில் ரஸ் சொல்லிக்கொண்டிருந்தான். பேனா அந்த வரிக்கு மேலேயே நின்றது. ஹீட்டர் பக்கத்துச் சிரிப்பு காதில் கேட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு, கவரைக் கவிழ்த்துப் போட்டு, கேக்கைத் தின்றான். போகும்போது, "நானே தபால் பெட்டியில போட்டுடறேன், நீங்க நடக்காதீங்க" என்றும் சொன்னான். "நல்ல பிள்ளை" என்றார் அந்தம்மா.

தேர்தல் வாரம் அந்தம்மா நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கவரில் குறை இருக்கிறது என்று ஊராட்சி குமாஸ்தா இரண்டு முறை போன் செய்திருக்கிறார், எடுக்க ஆள் இல்லை. பலகையில் இருந்தவர்தான் மறுபடி அதிபராக ஜெயித்தார். இரண்டு வாரம் கழித்து பத்திரிகையில் மிஸஸ் டோம்டரின் கடிதம் வந்தது. "ஐம்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என் ஓட்டு எண்ணப்படவில்லை. சரிபார்க்க வேண்டியவள் நான். வெட்கமாக இருக்கிறது. கவனம் தப்பியவள் ஊருக்குப் புத்தி சொல்லக் கூடாது. இது என் கடைசிக் கடிதம்."

மதுக்கடையில் ரஸ் அதைச் சத்தமாகப் படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கோர்டியும் சிரித்தான். பீரில் பாதியை வைத்துவிட்டுச் சீக்கிரமே எழுந்து போனான். டிசம்பரில் அந்தம்மா காரை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டான். ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் காலை பால் எடுக்க வால்டர் பண்ணைக்குப் போனான். மடி கனத்து மாடுகள் கதறிக்கொண்டிருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே பால் கறக்கிற யுசேபியோவையும் அவன் தம்பியையும் விடியலில் முகமூடி போட்ட குடியேற்ற அதிகாரிகள் பிடித்துப் போயிருந்தார்கள். ஜனவரியில் கோர்டியின் லாரி பனியில் புதைந்தபோது ஒரு மணி நேரம் மண்வெட்டியால் வாரித் தள்ளிக் கிளப்பிவிட்டவன் அந்த யுசேபியோ. வால்டர் தொழுவத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "கெட்டவனுங்களத்தானடா பிடிப்பேன்னு சொன்னாரு? இவனுங்களையா சொன்னாரு?"

வால்டர் வாசலில் நின்ற பலகையும் கோர்டி வாசலில் நின்ற பலகையும் ஒரே கடையில் வாங்கியவை. இதை எழுத இந்த ஊரில் ஒருவர்தான் உண்டு என்று கோர்டி நினைத்தான். அவர் பேனாவை மூட வைத்தது யார் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. லாரியை நேரே அந்தம்மா வீட்டுக்கு விட்டான்.

விஷயத்தைச் சொல்லி, "நீங்க எழுதணும், மிஸஸ் டோம்டர்" என்றான்.

"என் மூளைய நம்ப முடியலடா கோர்டி. அறுபத்திரண்டு தலைய எண்ணினவ, ஒரு வரி காலியா இருந்தது கண்ணுல படல. டாக்டர்கிட்ட சோதனை பண்ணச் சொன்னேன். ஒண்ணுமில்லன்னாரு, அவரையும் நம்பல. யாரையாவது இடிச்சுக் கொன்னுடுவேனோன்னு காரைக் குடுத்துட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தான். "உங்க மூளைக்கு ஒண்ணுமில்ல. நான் வேணும்னேதான் எழுதாம விட்டேன். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "என் கேக்கைத் தின்னுக்கிட்டே செஞ்சியா?" என்றார்.

"ஆமா."

"நாலு மாசம்டா. எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நாலு மாசம் தனியா உக்காந்து பயந்தேன்."

மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லக்கூட தனக்கு அருகதை இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. எழுந்து போகலாமா என்று பார்த்தான். அந்தம்மாவும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து மேஜையில் போட்டார். ஏப்ரலில் நீதிபதி தேர்தல், அங்கே நீதிபதிக்கும் ஜனங்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். அதற்கான தபால் ஓட்டு.

"வேண்டாம். வேற யாரையாவது கூப்பிடுங்க" என்றான்.

"உக்காருடா."

இந்தத் தடவை ஓட்ஸ் டப்பா இல்லை. அவன் கண்ணெதிரேயே குறி போட்டு ஒட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான். கெல்னர் என்ற பெயர் கோணலாக விழுந்தது.

அந்த ஓட்டு எண்ணப்பட்டது. அந்த வாரமே யுசேபியோவைப் பற்றிய கடிதமும் வந்தது, சரியாக இருநூறு வார்த்தை. அதில் கோர்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியிருந்தால் தேவலை என்று அவன் இன்றைக்கும் நினைக்கிறான். தேர்தல் முடிந்த நாலாம் நாள் அந்தம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவன் இரண்டாம் முறை கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அந்த மேஜையில் அந்தம்மா காபி ஊற்ற எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, காலி வரி மேல் விரலை வைத்து, அவன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டு நம்பர், சாலை, ஊரு, எல்லாத்தையும் எழுது. ஒவ்வொண்ணா எனக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டிக்கிட்டே எழுது."