கிளட்ச் தோலுக்கு எழுதிக் கொடுத்த எண்ணெய்

நடந்தது இந்த வரிசையில் நடந்தது:

1. பெக்கான் நானாஸில் அன்னாசித் தொழிற்சாலை வைத்திருந்த சீன முதலாளியின் (தவுக்கே என்போம்) வண்டி, கிளம்பும்போது துள்ள ஆரம்பித்தது. அதை ஓட்டியவர் என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர். ஜொகூர் பாருவில் என் சித்தப்பாவின் பட்டறைக்கு வந்து என்னிடம் சொன்னார்.
2. கிளட்ச் தோல் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.
3. அவர் அந்தத் தாளில் இருந்தபடி செய்தார்.
4. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு அப்படி அறிவித்த பிறகுதான் கல்யாணம்.
5. அந்த வாரமே வண்டியில் கியர் விழாமல் போயிற்று. முதல் கியரில் இரண்டு பல் உடைந்தது. முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்.
6. சனிக்கிழமை, பட்டறையில் ஆறு பேர் முன்னால், அவரைப் பார்த்து நான் சிரித்தேன்.

இந்த ஆறில் என்னால் பழுது பார்க்க முடிந்தது ஐந்தாவதில் பாதி மட்டும்.

நான் கான்வென்டில் ஆங்கிலம் படித்தவள். சிங்கப்பூரிலிருந்து தபாலில் வந்த மோட்டார்ப் பாடங்களை இரண்டு வருஷம் படித்துத் தேறினேன். பட்டறையில் என் வேலை, வண்டிக்காரர்களைக் கேள்வி கேட்டு, பழுது எங்கே இருக்கலாம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவது. பெண்பிள்ளை எழுதியதைப் பார்த்து வேலை செய்வதில் ஆட்களுக்கு முதலில் வருத்தம் இருந்தது. வரிசை சரியாக இருந்ததால் பிறகு பழகிவிட்டார்கள்.

என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவர் எஸ்டேட்டில் பிறந்தவர். டிரைவர் வேலையும், தங்க ஓர் அறையும் இருந்ததால்தான் அம்மா சம்மதித்தார். அந்த வேலை போனால் அம்மா என்ன சொல்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வண்டி பத்து வருஷத்துக்கு மேல் பழையது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, பந்தயத்துக்காகச் செய்தது. முதலாளி சிங்கப்பூரில் யாரிடமோ வாங்கி வந்தார். அது துள்ளுகிறது என்று முதல் நாள் மாப்பிள்ளை வந்து சொன்னபோது நான் பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

"எப்போ துள்ளுது? காலையில மட்டுமா, சூடானப்புறமுமா?"

"என்ன டீச்சரம்மா, பரீட்சையா?"

"பதில் சொல்லுங்க."

"எப்பவும்தான். தவுக்கே தொப்பி ரெண்டு தடவ பறந்துடுச்சு. மூணாவது தடவ பறந்தா அது பின்னாலேயே நானும் பறக்கணும்."

நான் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியின் கிளட்ச் கூம்பு வடிவம். கூம்பைச் சுற்றித் தோல் வைத்து ஆணி அறைந்திருக்கும். அது இஞ்சினோடு சுழலும் பெரிய சக்கரத்துக்குள் போய் உட்காரும், பெடலை மிதித்தால் வெளியே வந்து பிடி விடும். தோல் மெத்தென்று இருந்தால் வண்டி நழுவிக் கிளம்பும். காய்ந்து போனால் வெடுக்கென்று கவ்வும். அதற்கு மருந்து பாடப்புத்தகத்திலேயே இருந்தது. தரைப்பலகையைக் கழற்றவும், பெடலை மிதித்துக் கட்டை கொடுத்து நிறுத்தவும், தோல் முழுவதும் விளக்கெண்ணெய் தடவவும், ஒரு பகல் ஊறவிடவும் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு சனிக்கிழமை வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். லாரியிலிருந்து அவரும் இறங்கினார். வேலை போன செய்தி அவருக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. அந்தக் கோபத்தை நான் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

சித்தப்பா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கியர் பல்லையே ஒடச்சிருக்கீங்க. காலையில என்னதான் சாப்பிடுறீங்க மாப்ளே?"

"நான் ஒடைக்கல மாமா. கிளட்ச் விடல. மிதிச்சாலும் உள்ளே சுத்திக்கிட்டே இருக்கு."

"நான் எழுதிக் குடுத்தபடி செஞ்சீங்களா?" என்றேன்.

"செஞ்சேன்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

கியர் விழாததற்குக் காரணங்கள் என்று பாடத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலாவது ஓட்டுகிறவர் கை. நான் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். அவர் கியர் மாற்றினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. அது எனக்குத் தெரியும்.

சித்தப்பா அவர் தோளைத் தட்டினார். "சரியான விளக்கெண்ணெய்யா இருக்கீங்களே மாப்ளே."

எங்கள் பேச்சில் அது மந்தமான ஆளைச் சொல்கிற வார்த்தை.

அவர் சித்தப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னார்: "அதைத்தானே மாமா தடவினேன்."

பட்டறையே சிரித்தது. ஒருவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நானும் சிரித்தேன். அவர் மற்ற யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

மறுநாள் இரண்டாவது ஓலை வாசித்தபோது ஆண்கள் பக்கத்தில் அவர் இல்லை.

திங்கட்கிழமை நான் வண்டியைச் சோதித்தேன். இஞ்சின் ஓடாதபோது நான்கு கியரும் வெண்ணெய்போல் விழுந்தன, உடைந்த பல் இருந்த முதல் கியர் உட்பட. ஆகவே கம்பியும் நெம்புகோலும் சரி. இஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, இருபது எண்ணிவிட்டுத் தள்ளினேன். கரகரவென்று அரைத்தது. கிளட்ச் விட்டிருந்தால் இருபது எண்ணுவதற்குள் உள்ளே சுழல்வது நின்றிருக்கும். இஞ்சினை நிறுத்தி, இரண்டாம் கியரைப் போட்டு, பெடலை மிதித்தபடியே பட்டறை ஆள் ஒருவனை மறுபடி கிளப்பச் சொன்னேன். மிதித்த மிதியிலேயே வண்டி முன்னால் ஊர்ந்தது. கையில் குற்றம் இல்லை. அவர் சொன்னது சரி, கிளட்ச் விடவில்லை.

தரைப்பலகையைக் கழற்றச் சொன்னேன். பலகை எழும்பியதும் வாடை வந்தது. மண்ணெண்ணெய். தோலில் இருந்த கொஞ்சநஞ்சப் பசையையும் அது எடுத்துவிட்டிருந்தது. தோல் சுருங்கி, வெடித்து, ஒரு முனை ஆணியிலிருந்து பிய்ந்து எழுந்து நின்றது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் அந்த முனை சக்கரத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

விளக்கெண்ணெய் தடவியதாகத்தானே சொன்னார். வண்டியின் ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். என் தாள் அங்கே இருந்தது. 'விளக்கெண்ணெய்' என்ற வார்த்தைக்கு மேல் அவர் பென்சிலால் எழுதியிருந்தார்: மிஞ்ஞா லம்பு. கடையில் மலாயில் கேட்பதற்காக. லம்பு என்றால் விளக்கு, மிஞ்ஞா என்றால் எண்ணெய். சீனக் கடைக்காரர் விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை அளந்து கொடுத்திருக்கிறார்.

என் அம்மா ஊரிலிருந்து கப்பலில் வரும்போதே கொண்டுவந்த வார்த்தை விளக்கெண்ணெய். மாப்பிள்ளை பிறந்த எஸ்டேட்டில் விளக்கு எரிந்தது மண்ணெண்ணெயில். நான் சொன்ன எண்ணெயை அங்கே பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பார்கள், பேதி எண்ணெய் என்பார்கள். அவர் ஒரு வரிகூட விடாமல்தான் செய்திருந்தார்.

அவர் ஆயர் ஈத்தாமில் மர லாரி ஓட்டுகிறார் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். வியாழக்கிழமை சித்தப்பாவோடு பஸ்ஸில் போனேன். காப்பிக் கடை வாசலில் லாரியை நிறுத்திக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ பேதி எண்ணெய்னு எழுதியிருக்கலாமே," என்றார். லேசாகச் சிரித்தார்கூட.

"எழுதியிருக்கணும். தப்பு என்னுது."

"எண்ணெய்ய விடுங்க. நானும் ரெண்டு பேரக் கேட்டிருக்கலாம்." கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மத்தவங்க சிரிச்சது எனக்குப் பெரிசில்ல. நீங்க எல்லாத்துக்கும் கேள்வி கேக்கறவங்க. எந்த எண்ணெய்னு அன்னிக்கு ஒரு கேள்வி கேக்கல."

"இப்போ கேக்கறேன்."

"இப்போதான் உங்களுக்குப் பதில் தெரியுமே."

சித்தப்பா, "வாய் தவறிச் சொல்லிட்டேன் மாப்ளே, மன்னிச்சுக்குங்க," என்றார். அவர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளேன்னு கூப்பிடாதீங்க மாமா. ஓலைய நிறுத்தச் சொல்லி சாமியார்கிட்ட சொல்லிடுங்க," என்றார். எங்கள் காப்பிக்கும் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். சித்தப்பா இரண்டு காப்பியையும் குடித்தார்.

சாமியாரிடம் சனிக்கிழமை நானே போய்ச் சொன்னேன். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. குற்றம் டிரைவருடையது அல்ல, நான் எழுதிய வார்த்தையுடையது என்று தவுக்கேவுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். விளக்கத்துக்கு நன்றி, வேறு ஆள் வைத்தாயிற்று என்று பதில் வந்தது.

புதுத் தோல் அறைந்து, சரியான எண்ணெயில் ஊறவிட்டு, பல் உடைந்த கியரைச் சிங்கப்பூரில் புதிதாக வெட்டி வாங்கிப் போட்டோம். வண்டி பெக்கான் நானாஸுக்குத் திரும்பிப் போய்விட்டது. நான்கு கியரும் விழுகின்றன. நான் பட்டறையில் வேலை செய்கிறேன். அவருக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. அவர் ஆயர் ஈத்தாமில் இருக்கிறார், நான் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். கல்யாணம் நடக்காது.