கருத்துப்போன சம்பளச் சீட்டு

சித்திக்குச் சுருக்கம் கண்டால் கை சும்மா இருக்காது. சலவைக்கூடத்தில் வருடக்கணக்காக ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட கை. ஒருமுறை என் பள்ளிச் சான்றிதழையே தேய்த்திருக்கிறாள். கசங்கிக் கிடந்த கடைசிச் சம்பளச் சீட்டையும் அப்படித்தான் தேய்த்தாள். சூட்டில் எழுத்து வரும் வழவழப்புத் தாள் அது. ஒரே இழுப்பில் முழுக்கக் கருத்துப்போனது.

"அடுப்புக்கரி மாதிரி ஆயிடுச்சேடா!" என்று சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது. வருடம் முழுக்கப் பிடித்த வரி அந்த ஒரு சீட்டில்தான் இருந்தது.

இப்போது அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருக்கிறாள். வேலை நிரந்தரமாக, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த ரசீதைக் கொடுக்க வேண்டும். இன்றோடு கெடு. பழைய முதலாளி தரவேண்டிய வரிச் சான்று இன்னும் வரவில்லை.

காலையில் பழைய சலவைக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். முதலாளி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆடிட்டர் ஊர்ல இல்லம்மா."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க சார். இன்னைக்குக் கடைசி நாள்."

"வேலையை விட்டுட்டுப் போனவங்களுக்கு இவ்வளவு அவசரமா?" சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கேயே வேன் ஓட்டும் சித்தப்பா துணி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். "உன் வீட்டுக்காரர் இங்க நல்லாத்தானே இருக்கார்? இருக்கட்டுமே."

சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை.

அங்கிருந்து போன வரி அலுவலகத்தில், கவுண்டரில் இருந்த அம்மா வேறு வழி சொன்னார். "சம்பளம் ஏறின பேங்க் கணக்கைக் காட்டுங்க. முதலாளி சான்று தரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கூட வேலை பார்த்தவங்க ஒருத்தர் சாட்சி போடணும். கம்பெனிக்கு நோட்டீஸ் போகும்."

"சாட்சி பேரும் போகுமா மேடம்?"

"போகும்மா."

சித்தி சலவைக்கூடத்துத் தோழி ஒருத்தியை ஃபோனில் அழைத்தாள். "என்னை விட்டுடுக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்." இன்னொருத்தி எடுக்கவே இல்லை. மிச்சம் சித்தப்பாதான். நேற்றுத்தான் அவர், "அந்த ஆளைப் பகைச்சுக்காதடி, உள்ளதும் போயிடும்" என்றிருந்தார்.

திரையில் அவர் எண்ணை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

"உங்களை வரச் சொல்லலைங்க. விஷயத்தைச் சொல்றேன், அவ்வளவுதான்."

 மறுமுனையில் வேன் இஞ்சின் சத்தம் எனக்கும் கேட்டது. அப்புறம் அது நின்றது.

சாயங்காலம் வரி அலுவலக விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தபோது, சித்தப்பா கம்பெனிச் சட்டையோடு உள்ளே வந்தார்.

"எங்க போடணும்?"

"யோசிச்சீங்களா?"

"வழி நெடுக யோசிச்சேன். முடிவுக்கே வரலை. மூடப்போறாங்க, காட்டு."

பேனா தாளில் ஒருமுறை தடுக்கியது. முத்திரை விழுந்தது. ரசீதை என் கையில் திணித்தாள் சித்தி.

"ஆஸ்பத்திரி ஆபீஸ் ராத்திரி வரைக்கும் இருக்கும், கொடுத்துடுடா. ஓடு."

"நீங்க?"

சித்தப்பா வேன் சாவியை எடுத்தார். "நோட்டீஸ் போறதுக்குள்ள முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

"தனியாவா?" என்றபடி சித்தி முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள்.