கடைசி மேசையிலிருந்து வாசல் வரை

என் அண்ணனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. ஐம்பத்து நான்கு வயதில் இதுவரை ஒரு சமையலறைக்குள் காலடி எடுத்து வைத்ததில்லை. ஆனால் இந்த ஊரில் உள்ள நூற்று எண்பது சாப்பாட்டுக் கடைகளுக்கும் அவன்தான் வாய். உணவக உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். எல்லோரும் அவனை மனுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிற தபால்காரர்கூட அப்படித்தான்.

மனு எழுதுவது பெரிய வித்தையா என்று நானும் நினைத்திருக்கிறேன். கூடவே இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எழுதுவது காலே அரைக்கால் வேலை, மீதி முழுவதும் காத்திருப்பது. நகர மன்ற அலுவலகத்தின் எந்த வராந்தாவில் எந்த நாற்காலி ஆடும், எந்த உறுப்பினர் எத்தனை மணிக்கு நல்ல மனநிலையில் இருப்பார், எவருடைய உதவியாளர் கோப்பைக் கட்டுக்கு அடியில் செருகிவிடுவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இருபது வருடமாக நடையாய் நடந்து கற்றுக்கொண்ட பாடம். யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஒரு காரியம் சாதித்ததில்லை. ஒரு உறுப்பினர் ஒருமுறை தன் மகள் கல்யாணத்துக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்து தர முடியுமா என்று நூல் விட்டுப் பார்த்தாராம். "எனக்கு வெந்நீரே வைக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அது உண்மை என்பதால் அவரால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

என்னுடைய கடை சின்னது. குறுகலாக, நீளமாக இருக்கும். வாசலிலிருந்து உள்ளே போகப் போக நான்கு மேசைகள், மேசைக்கு நான்கு நாற்காலி. அதற்கும் பின்னால் அடுப்படி. நானும், சம்பளத்துக்குக் கூடச் சமைக்கிற அக்காவும் அங்கேதான் நிற்போம். பதினோரு வருடமாக இரண்டு பேருக்கும் ஒரே புகை. அண்ணன் தினமும் மதியம் வந்து நான்காவது மேசையில், சமையலறைத் தடுப்பை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவான். உப்பு கூடக் குறைய இருந்தாலும் மூச்சு விடமாட்டான்.

போன வருடம் நகரத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு பெரிய உணவகம் தீப்பிடித்தது. மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாசலில் நெருக்கியடித்து, பலருக்குக் காயம். அடுத்த மாதமே நகர மன்றம் ஒரு விதியைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னது. ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் பின்பக்கம் இன்னொரு வழி வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் கிடையாது. என் கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்தவருடைய கிடங்கு. எங்கே போய் நான் வழி வைப்பது? பாதிக்கு மேற்பட்ட கடைகளுக்கும் என் கதைதான்.

விதியே வேண்டாம் என்று எழுதச் சொன்னார் சங்கத் தலைவர். அண்ணன் தலையை ஆட்டவில்லை.

"ஆள் செத்துப் பொழைச்சிருக்காங்க. வேண்டாம்னு போய் நின்னா நம்மள உள்ளயே விடமாட்டாங்க. சின்னக் கடைக்கு மட்டும் விலக்கு கேப்போம். எவ்வளவு சின்னதுன்னு நாமளே அளந்து சொல்லுவோம்."

பிறகு ஒன்றரை மாதம் அவன் காலில் சக்கரம்தான். ஒவ்வொரு கடையாகப் போவான். வாசலுக்கு ரொம்பத் தூரத்தில் உள்ள நாற்காலியில் உட்காருவான். எழுந்து வாசல்வரை நடப்பான். எத்தனை எட்டு என்று குறிப்பேட்டில் எழுதுவான். சில கடைகளில் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டதென்றே பேசிக்கொண்டார்கள். பத்து எட்டுக்குள் வாசல் இருந்தால் பயமில்லை என்பது தீயணைப்புத் துறையில் ஒருவர் அவனுக்குச் சொன்ன கணக்கு. ஆனால் எட்டை வைத்து விதி எழுத முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். "சோதனைக்கு வர்றவரோட காலு உங்க காலு இல்லையே, எண்ணக்கூடியதா ஒண்ணு கொண்டாங்க" என்றாராம். அதனால் நாற்காலிக் கணக்கு வந்தது, எத்தனை நாற்காலிவரை உள்ள கடையில் பத்து எட்டுக்குள் வாசல் வருகிறது என்று.

அந்த மாதத்தில்தான் என் கடையிலும் அவனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போவான். தெருவைப் பார்ப்பான். திரும்பி வந்து சாப்பிடுவான். யாரையோ எதிர்பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

விதியை முடிவு செய்கிற நகர மன்றக் குழுவில் ஏழு உறுப்பினர்கள். நான்கு பேர் கை தூக்கினால் போதும். அந்த நான்கு பேரைச் சேர்க்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். கூட்டத்தன்று மதியம் கடையைப் பூட்டிவிட்டு நானும் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

பன்னிரண்டு நாற்காலிவரை உள்ள கடைக்கு விலக்கு வேண்டும் என்று அண்ணன் படித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளில் இருப்பது பதினாறு என்றுதான் நினைத்திருந்தேன். தப்பாகப் படிக்கிறானோ என்றுகூடப் பார்த்தேன். அப்போது, வயதான உறுப்பினர் ஒருவர், நல்ல மனுஷர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பதினாறா வெச்சா என்ன? அதுவும் சின்னக் கடைதானே. எனக்கு ஆட்சேபணை இல்ல."

பக்கத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கேட்காமலே வாசலைத் திறந்துவிட்டார்கள் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அண்ணன் ஒரு நிமிஷம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "வேண்டாங்க. பன்னிரண்டு போதும்" என்றான்.

ஐந்து கைகள் உயர்ந்தன. நூற்றுப் பத்துக் கடைகள் பிழைத்தன. என் கடை இல்லை.

இரண்டு நாள் அவனுக்குச் சாப்பாடு வைத்தேன், பேசவில்லை. மூன்றாம் நாள் அடக்க முடியவில்லை.

"உன் பேரு கெட்டுடக் கூடாது, அதானே? தங்கச்சிக்காகப் பதினாறு வாங்கிட்டான்னு எவனும் சொல்லிடக் கூடாது. அந்தப் பெரியவர் தட்டுல வெச்சுக் குடுத்தாரு. நீ தட்டிவிட்டுட்டு வந்த. நாலாவது மேசைய எடுத்தா அக்காவுக்கு முழு நாள் வேலை குடுக்க முடியாது, தெரியுமா உனக்கு?"

தன்னைப் பற்றிப் பேசுவதென்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

மற்ற கடைகளுக்கு ஆளுக்கு ஒரு வரி. என் கடைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். தேதி, பதினான்கு. அடுத்த தேதி, பதினான்கு. அடுத்ததும் பதினான்கு. இப்படியே கீழே கீழே வந்து ஒரு நாள் மட்டும் பதிமூன்று. அதை அவனே அடித்துவிட்டு, பக்கத்தில் 'பெரிய எட்டு' என்று எழுதியிருந்தான். பிறகு மறுபடியும் பதினான்கு.

இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டு நாளும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பத்து எட்டுக்குள் வரும்படி என் கடை கொஞ்சம் சுருங்கியிருக்காதா என்று பார்த்திருக்கிறான். சமையலறைத் தடுப்புக்குப் பின்னால் போய் அழுதேன். அவன்மேல் இருந்த கோபம் போகவில்லை. அதுவும் சேர்ந்துதான் அழுதது.

மறுநாள் காலையில் நானும் அக்காவும் நான்காவது மேசையைத் தூக்கி வெளியே வைத்தோம். இனி மதியம்வரைதான் வேலை என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காலியான இடத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேசை தூரம்னு எடுத்துட்டோம். அடுப்பையும் எடுத்துடலாமா?"

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் அண்ணன் வந்தான். அவன் இடம் இல்லை. முதல் மேசையில், வாசல் பக்கமாக, விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தான். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். "நூத்தி எண்பது கடைக்குப் போனியே, உக்காந்தவங்களத்தான் எண்ணியிருக்க. எங்களுக்கு நாற்காலி கிடையாது. எங்கள எதுல சேத்த?"

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பிறகு எழுந்து, தடுப்பைத் தாண்டி, பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு சமையலறைக்குள் வந்தான். மேலே தொங்கிய வாணலியில் தலையை இடித்துக்கொண்டான். எங்கள் இருவருக்கும் நடுவில் அடுப்பைப் பார்த்து நின்றான். முகம் வியர்த்துவிட்டது.

"இவ்வளவு சூடா இருக்குமா?" என்றான்.

"இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல" என்றாள் அக்கா.

அங்கிருந்து நடந்தான். வழியில் கிடந்த மூட்டையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இருபத்திரண்டு எட்டு. அன்று அவன் சாப்பாட்டை முடிக்கவில்லை.

இப்போது எல்லாக் கடைக்கும் மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறான், இந்த முறை அடுப்பிலிருந்து. அடுப்பிலிருந்து எண்ணினால் விலக்குக் கிடைத்த கடைகளும் மாட்டும் என்று சங்கத்தில் முணுமுணுப்பு. நம் செயலாளரா, நமக்கு எதிராளியா என்று தலைவர் முகத்தில் அடித்தாற்போல் கேட்டுவிட்டார். அடுத்த மாதம் நடக்கும் பொதுக்குழுவில் அவனுக்குப் பதவி இருக்குமா என்பதே சந்தேகம். அவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். சமைக்கிறவர்களையும் ஆளாக எண்ண வேண்டும் என்று ஆரம்பிக்கிறது மனு. நகர மன்றத்துக்கு இல்லை, முதலில் சங்கத்துக்கு.

நாங்கள் மனுவுக்குக் காத்திருக்கவில்லை. காலியான நான்காவது மேசையின் இடத்துக்கு அடுப்பை நகர்த்தினோம். மூட்டைகள் அடுப்பு இருந்த பக்கம் போயின. அக்காவுக்கு இன்னும் அரை நாள் வேலைதான். அதற்கு அண்ணனின் குறிப்பேட்டில் இடமில்லை, எனக்கும் வழி தெரியவில்லை.

அடுப்பு நகர்ந்த அன்று அண்ணன் வந்து, சாப்பிடுவதற்கு முன்னால், புது இடத்தில் நின்று நடந்தான். வாசலில் திரும்பி, "பதினாலு" என்றான்.

"பெரிய எட்டு வெச்சியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"அக்கா உன்னவிடக் குள்ளம். நடுவுல வேற சாப்பிடுறவங்க காலு நீட்டியிருப்பாங்க."

திரும்பி உள்ளே வந்தான். அடுப்பை ஒட்டி நின்றுகொண்டு, அக்கா நடப்பதைப் போலச் சின்னச் சின்ன எட்டாக வைத்து இன்னொரு முறை நடந்தான். பதினெட்டு வந்தது. அதைத்தான் எழுதிக்கொண்டான்.